மகனுக்காக நேர்ந்த ஒருசந்தி: சர்க்கரை வந்த பிறகும் கட்டுப்படுத்துமா?

வாசகியின் கடிதம்

தென் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46, பள்ளி ஆசிரியை. பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில், கணவர் புரொட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவர். மாமியாரும் இவர்களோடுதான் இருக்கிறார். மகன் பொறியியல் கடைசி வருடம், மகள் ஏழாம் வகுப்பு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகன் பிளஸ் டூ எழுதிய வருடம், அவன் நல்லபடியாகத் தேறிக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒவ்வொன்றிலும் 40 நாளும் ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு, இருப்பதாக மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை) முன்னால் முழங்கால் போட்டுப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்திருக்கிறார். இடம் கிடைத்தது. இது நான்காவது தவக்காலம். காலையில் சர்க்கரை போடாத கட்டங்காப்பி, அப்புறம் இரவு ஏழரைக்குத்தான் சாப்பாடு. இரண்டு வருடம் முன்பு இவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் போடுகிறார், காலையில் சாப்பிடுவதில்லை. நோன்பு இருப்பதை டாக்டரிடம் சொல்லவும் இல்லை.

போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று கை நடுங்கி, ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்த்து, எழுதிய எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன. முதல் பெஞ்சில் இருந்த பெண் பிள்ளை ஓடிவந்து, தன் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டிருக்கிறாள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அன்று மாலை கோயிலில் உட்கார்ந்து, ஒருசந்தி முறிந்துவிட்டதே என்று அழுததாக எழுதுகிறார்.

இன்னொரு பாரமும் சேர்ந்திருக்கிறது. “சாம்பல் பூசுறதும் பட்டினி கிடக்கிறதும் எதுக்கு? வேதத்தை வாசி” என்று மாமியார் அடிக்கடி சொல்வாராம். அவருக்கு முன்னால் வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பில், வாட்ஸ்அப்பில் வந்த “40 நாளில் முழு பைபிள்” அட்டவணையைக் கையில் எடுத்தார். நாளுக்கு 30 அதிகாரத்துக்கு மேல். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தும் ஓடவில்லை. லேவியர் நூலின் நடுவில் நின்று பத்து நாளாகிவிட்டது. கவனம் சிதறினால் அதே அதிகாரத்தை முதலிலிருந்து மறுபடி வாசிக்கிறார். இதற்கிடையே மகளும் அம்மாவைப் பார்த்து மதியச் சாப்பாட்டை டப்பாவோடு திருப்பிக் கொண்டுவருகிறாள்.

“போன வருடம் காய்ச்சலில் மூன்று நாள் ஒருசந்தி விட்டுப்போனது ஃபாதர். அதற்கப்புறம் மகனுக்கு இரண்டு அரியர் விழுந்துவிட்டது. என் குறையால்தானா? கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தாமதிக்காதே என்று பைபிளே சொல்கிறதே. நிறுத்தினால் அவனுக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமா? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் போதுமா?” இதுதான் அவர் கேள்வி. (பாவசங்கீர்த்தனம் என்பது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது.)

முதலில் டாக்டரைப் பாருங்கள்

அன்புச் சகோதரி, பொருத்தனையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலையில் மாத்திரை போட்டால் உடனே சாப்பிடுங்கள். நாளையே உங்கள் டாக்டரைப் பார்த்து, மூன்று வாரமாக இரவு ஒருவேளை மட்டும் சாப்பிடுவதையும், வகுப்பில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் நடுக்கமும் வியர்வையும் பார்வை மங்கலும் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும்போது வருகிற அடையாளங்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதைத் தாழ்நிலை என்கிறார்கள். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் அவற்றைப் போடுவது ஆபத்து. மயங்கி விழலாம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம், அதுவும் ஆபத்துதான். நான் குரு, மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எந்த நேரம், எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை மிட்டாய் கொடுத்தது சரியான முதலுதவி.

ஒருசந்தியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “திருச்சபைக் கட்டளைப்படிதானே இருக்கிறேன்.” அது அப்படி இல்லை. இன்றைய திருச்சபைச் சட்டம் ஒருசந்தி கேட்பது இரண்டே நாளில்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளி. அந்த இரண்டு நாளிலும்கூட ஒரு முழுச் சாப்பாட்டோடு, இரண்டு வேளை கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 18 வயது நிறைந்தவர்களுக்கு 59 வயது நிறையும்வரைதான் இந்தக் கடமை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிகளை இந்தக் கடமை கட்டுப்படுத்தாது. நம் பாட்டிமார் தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்ததாகச் சொல்வார்கள், அது உண்மைதான். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் தவக்காலத்தின் எல்லா வாரநாள்களும் ஒருசந்தி நாள்களாக இருந்தன. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதை மாற்றி அமைத்தார். தவத்தைக் குறைப்பது அவர் நோக்கம் இல்லை. வயிற்றோடு நின்றுபோன தவம் செபத்துக்கும் பிறரன்புக்கும் பரவ வேண்டும் என்று விரும்பினார்.

பொருத்தனை உங்களைக் கட்டிப்போடும் சங்கிலியா?

கடவுளுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் இவ்வளவு பெரிதாக மதிப்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். சபை உரையாளர் 5-ஆம் அதிகாரத்தில் நீங்கள் படித்தது உண்மை. பொருத்தனை விளையாட்டு இல்லை. ஆனால் அதே பைபிளில், நீங்கள் நின்றுபோன அதே லேவியர் நூலில், கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 27-ஆம் அதிகாரம் பொருத்தனை பற்றித்தான் தொடங்குகிறது. கடவுளுக்கென்று ஓர் ஆளை நேர்ந்துகொண்டால் அதற்கு ஈடாக எவ்வளவு வெள்ளி செலுத்த வேண்டும் என்று ஆண், பெண், சிறுவர், முதியவர் எனக் கணக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. எட்டாம் வசனத்தில் ஒரு நிறுத்தம். அந்தத் தொகையைக் கொடுக்க இயலாத ஏழையாக ஒருவர் இருந்தால்? அவர் குருவிடம் வர வேண்டும். நேர்ந்தவரால் எவ்வளவு முடியுமோ அதைப் பார்த்துக் குரு மதிப்பிட வேண்டும். ‘வாக்குக் கொடுத்தாயே, எப்படியாவது கட்டு’ என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நேர்ந்தவரின் சக்தியைப் பார்க்கச் சொல்கிறது. அட்டவணைக்குப் பின்னால் ஓடாமல் இருந்திருந்தால் இந்த வசனம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் இதே மனசுதான். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1191-ஆம் எண் முதல் பொருத்தனை பற்றிய பகுதி வருகிறது. பொருத்தனை என்பது செய்யக்கூடிய, மேலான ஒரு நன்மையைக் குறித்துக் கடவுளுக்கு யோசித்து, சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்கு. உடம்பைக் கெடுக்கும் செயல் ‘மேலான நன்மை’ ஆகாது. பொருத்தனைக்கு உட்பட்ட காரியமே அடிப்படையில் மாறிவிட்டால் பொருத்தனை நின்றுபோகும் என்கிறது 1194-ஆம் எண். நீங்கள் கெபி முன்னால் முழங்கால் போட்டபோது ஆரோக்கியமாக இருந்தீர்கள். அன்றைக்கு ஒருசந்தி என்றால் உங்களுக்குப் பசி, அவ்வளவுதான். இன்றைக்கு அதே ஒருசந்தி என்றால் வகுப்பறையில் மயங்கி விழும் அபாயம். காரியம் மாறிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, எதுவும் மாற்றாமல் இப்படியே தொடர்வது. அதை நான் ஏற்க முடியாது, உங்கள் டாக்டரும் ஏற்கமாட்டார்.

இரண்டு, 1197-ஆம் எண்ணின்படி நீங்களே இந்தப் பொருத்தனையை அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நன்மையாக மாற்றிக்கொள்வது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இது உங்கள் உரிமை.

மூன்று, பங்குத்தந்தையிடம் போய் விலக்கு கேட்பது. நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விலக்கு அளிக்க ஆயருக்கு மட்டுமின்றிப் பங்குத்தந்தைக்கும் அதிகாரம் உண்டு, 1196-ஆம் எண். குறைந்ததாக மாற்ற வேண்டுமென்றாலும் அவர் மாற்றித் தரலாம். இந்தப் பதில் மூலமாக நான் அதைச் செய்ய முடியாது, உங்கள் பங்குத்தந்தை நான் அல்ல.

சட்டப்படி இரண்டாவது வழியே போதும். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு மூன்றாவதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்களாக எடுத்த முடிவை உங்கள் மனசு ஒரு ராத்திரிகூட நிம்மதியாக வைத்திருக்காது, விடியற்காலை எழுந்து மறுபடி கேள்வி கேட்கும். இன்னொருவர் வாயால், திருச்சபையின் பெயரால், “சரி அம்மா, இது போதும்” என்று கேட்பது உங்களுக்கு அவசியம். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 49-ஆம் அதிகாரம் தவக்காலம் பற்றியது. உணவிலோ தூக்கத்திலோ பேச்சிலோ ஒவ்வொருவரும் மனமுவந்து எதையாவது குறைத்துக்கொள்ளட்டும் என்கிறார். ஆனால் எதைக் குறைக்கப்போகிறோம் என்பதை மடத்துத் தலைவரிடம் முதலில் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும். யாரிடமும் சொல்லாமல் தானாகச் செய்யும் தவம் கடைசியில் தற்பெருமையாகிவிடும் என்பது அவர் எச்சரிக்கை. நீங்கள் நான்கு வருடமாக இதைத் தனியாகச் சுமக்கிறீர்கள், கணவரிடம்கூட பொருத்தனையின் முழு விவரத்தைச் சொன்னதாகத் தெரியவில்லை.

பங்குத்தந்தையிடம் போகும்போது, அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள். நான் சொல்வது இது: தவக்காலம் முழுக்க தினமும் அன்றைய நற்செய்தியை வாசித்துச் செபிப்பது. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனமும், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் சிலுவைப்பாதையும். சட்டம் தடுப்பது இறைச்சியை மட்டும்தான், ஆனால் தினமும் மீன் குழம்பு வைக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை மீனையும் விடுவது நல்ல ஒறுத்தல். கூடவே, காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வருகிற ஒரு பிள்ளைக்கு ஈஸ்டர்வரை டிபன். எசாயா 58-ஆம் அதிகாரத்தைச் சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே திருப்பலியில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று கடவுள் அதில் சொல்கிறார்.

அரியருக்கும் ஒருசந்திக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

இந்த இடத்தில்தான் நீங்கள் ரொம்பவும் வேதனைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. மகனுக்கு அரியர் விழுந்தது அவன் அந்தப் பாடங்களில் தேறாததால். காரணம் கற்பித்த விதமாக இருக்கலாம், அவன் படிக்காததாக இருக்கலாம், ஹாஸ்டல் சூழலாக இருக்கலாம். அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் மூன்று நாள் காய்ச்சலுக்காக அவன் மதிப்பெண்ணில் கைவைக்கிற கடவுளை நற்செய்தியில் நான் எங்கும் பார்க்கவில்லை.

பொருத்தனையை நாம் அறியாமலே ஒரு கொடுக்கல் வாங்கலாக மாற்றிக்கொள்கிறோம். கிடைத்தது, அதனால் கட்டுகிறேன். கட்டாவிட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடுவார். இந்தப் பயம் உள்ளே நுழைந்துவிட்டால் நன்றி வெளியே போய்விடுகிறது. நீங்கள் ஆரம்பித்தது நன்றியில். அந்த முதல் வருட ஒருசந்தியைச் சந்தோஷமாக இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷத்துக்குத் திரும்பிப் போவதற்கான வழியைத்தான் தேடுகிறோம்.

கவனம் சிதறினால் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிப்பதாகவும், ‘இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்ற எண்ணம் நாளில் பலமுறை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பக்தியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா நகர் புனித இஞ்ஞாசியாருக்கே இது நடந்தது. 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் ஏதோ விட்டுப்போனது என்ற உறுத்தல் அவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் தள்ளியது. கடவுள் இரங்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று ஒரு வாரம் எதையும் வாயில் வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு நோன்பை முறிக்கச் சொன்னார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்து சாப்பிட்டார். அந்த நாள்களின் கடும் தவத்தால் அவர் வயிறு கடைசிவரை தொந்தரவு கொடுத்தது. பிற்காலத்தில், 1548-இல், அளவுக்கு மீறி நோன்பு இருந்த ஸ்பெயின் நாட்டுப் பிரபு பிரான்சிஸ் போர்ஜியாவுக்குக் கடிதம் எழுதி, நோன்பைக் குறைத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னவரும் அவரே.

ஒருசந்தியை விட்ட பிறகும் இந்த எண்ணங்கள் விடாமல் துரத்தினால், தூக்கத்தைக் கெடுத்தால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்படித் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதற்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

வாசிப்பைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்

அட்டவணையை இன்றோடு விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு 30 அதிகாரம் என்பது வேலைக்குப் போகிற, வீட்டைப் பார்க்கிற, சர்க்கரை உள்ள ஒருவருக்கு நடக்கிற காரியமில்லை. நடந்தாலும், அந்த வேகத்தில் வாசிப்பது ஆண்டவர் பேசுவதைக் கேட்பதாக இருக்காது. விட்டுப்போன பத்து நாளைப் பின்னால் போய்ப் பிடிக்கவும் வேண்டாம். முழு பைபிளையும் வாசிக்கும் ஆசை நல்லதுதான், அதை ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு விரித்துக்கொள்ளுங்கள். புனித பெனடிக்ட் தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரே ஒரு நூலைக் கொடுத்து, அதைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிக்கச் சொன்னார். வேலையே செபமும் வாசிப்புமாக இருந்தவர்களுக்கே அவ்வளவுதான்.

உங்களுக்கு நல்ல சமயம் வாய்த்திருக்கிறது. தவக்காலத்தின் நான்காம் வாரத் திங்கள் முதல் வாரநாள் திருப்பலிகளில் யோவான் நற்செய்தி தொடர்ச்சியாக வாசிக்கப்படும். முன் மூன்று வாரங்களின் வாசகங்கள் மனமாற்றம், மன்னிப்பு, செபம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். இங்கிருந்து இயேசு என்கிற ஆளின் மேலேயே கண் நிற்கும். அதைப் பின்பற்றுங்கள், வேறெந்த அட்டவணையும் தேவைப்படாது.

அந்தத் திங்களின் பகுதி யோவான் 4:43-54. கப்பர்நாகுமில் அரச அலுவலர் ஒருவர், மகன் சாகும் தறுவாயில் இருக்கிறான். கானாவுக்கு வந்து இயேசுவைக் கெஞ்சுகிறார். முதலில் இயேசுவின் பதில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது: அடையாளங்களைக் கண்டால்தான் நம்புவீர்களா? அவர் அதற்கு விவாதிக்கவில்லை, என் பிள்ளை சாகுமுன் வாருங்கள் என்கிறார். அவ்வளவுதான், இயேசு போகச் சொல்கிறார், மகன் பிழைத்துக்கொள்வான் என்கிறார். அந்த மனிதர் நம்பிப் புறப்படுகிறார். வழியில் வேலையாள்கள் எதிரே வந்து பையன் பிழைத்துக்கொண்டான் என்கிறார்கள். எந்த நேரத்தில் என்று கேட்கிறார். நேற்றுப் பிற்பகல் ஒரு மணிக்குக் காய்ச்சல் விட்டது என்கிறார்கள்.

இதை இப்படி வாசியுங்கள். நாலு மணிக்கு வேண்டாம், ஐந்தரைக்கு எழுந்தால் போதும். சமையலறையிலேயே உட்கார்ந்தாலும் பரவாயில்லை, போனை மட்டும் வேறு அறையில் வையுங்கள். முதலில் வாய்விட்டு மெதுவாக ஒரு முறை. இரண்டாம் முறை வாசிக்கும்போது எந்த இடத்தில் மனசு நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள், முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களுக்கு, அந்தத் தகப்பன் ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அந்த வழி நடையில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கையில் ஆதாரம் எதுவும் இல்லை, இரவெல்லாம் நடந்திருக்கலாம். மகனைக் காப்பாற்ற அவரிடம் இயேசு எந்த விலையும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்புறம் உங்கள் சொந்த வார்த்தையில், உங்கள் மகன் பெயரைச் சொல்லி, அவரிடம் பேசுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லலாம், திருப்பாடல்களில் இல்லாத கோபமா? கடைசியில் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். வாசிப்பு, தியானம், செபம், மௌனமாக ஆண்டவரோடு இருத்தல் என்று இந்த நான்கு படிகளை 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் குயிகோ எழுதிவைத்தார். மொத்தம் இருபது நிமிடம் ஆகும்.

கவனம் சிதறும், எல்லாருக்கும் சிதறும். சிதறியது தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கூடவே திருப்பாடல் 51. வெள்ளிதோறும் காலைச் செபத்தில் குருக்களும் துறவிகளும் சொல்வது அதைத்தான். இன்னொரு பகுதியையும் ஒரு தடவை வாசியுங்கள்: 1 அரசர்கள் 19:1-8. எலியா சாக வேண்டும் என்று பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே படுத்துவிட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறார், பயணம் அவர் சக்திக்கு மிஞ்சியது என்பதால். அந்த உணவின் பலத்தில்தான் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் ஓரேபு மலைவரை நடந்தார். டாக்டர் சொன்னபடி காலையில் இரண்டு இட்லி சாப்பிடும்போது குற்ற உணர்வு வந்தால் இந்தப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையும் மகளும்

உங்கள் அத்தையின் பேச்சு உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது, புரிகிறது. ஆனால் அவர் சொன்னதில் பாதி நல்ல ஆலோசனை: வேதத்தை வாசி. மீதிப் பாதிக்கு நீங்கள் வாதாட வேண்டியதில்லை. சாம்பலில் அமர்ந்து மனம் வருந்தியதை யோனா நூலிலும் யோபு நூலிலும் அவரே வாசித்திருப்பார். சி.எஸ்.ஐ. சபையிலும் லெந்து காலம் உண்டு, அதற்கென்று வாசகங்களும் ஆராதனைகளும் உண்டு. அவர் சண்டை தவக்காலத்தோடு இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு வாடுவதைப் பார்க்கும் ஒரு வயதான பெண்ணின் கவலை அப்படிக் குத்தலாக வெளியே வருகிறதோ என்னவோ. கேட்டுப் பாருங்கள்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவர் கீர்த்தனை பாடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் அன்றைய யோவான் பகுதியை அவரை வாசிக்கச் சொல்லுங்கள், அவருடைய வேதாகமத்திலிருந்தே. காலையில் நீங்கள் தனியாக வாசித்ததை மாலையில் அவர் குரலில் கேட்பீர்கள். அவருக்கு முன்னால் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவையும் போய்விடும். கணவரும் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மகனுக்குப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடலாம்.

மகள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவளுக்கு 12 வயது, ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனக் கடமையும் இல்லை. வளரும் பெண் மதியம் சாப்பிடாமல் இருப்பது உடம்புக்குக் கேடு. அம்மா செய்வதைப் பார்த்துச் செய்கிறாள், அம்மா சாப்பிட ஆரம்பித்தால் அவளும் சாப்பிடுவாள் என்று நம்புகிறேன். அப்படி நடக்காமல், எடை பற்றியோ தோற்றம் பற்றியோ பேச்சு வந்தால் அது வேறு பிரச்சினை, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தவக்காலத்தில் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவள் ஆசையை மறுக்க வேண்டாம். தின்பண்டக் காசைத் தவக்கால உண்டியலில் போடட்டும், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் உங்களோடு பதினான்கு நிலையும் வரட்டும்.

பாவசங்கீர்த்தனம்

மயக்கம் வந்தபோது மிட்டாய் சாப்பிட்டது பாவமில்லை. காய்ச்சலில் ஒருசந்தி விட்டதும் பாவமில்லை. இவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள், எனக்கு அது படிக்க முடிந்தது: அத்தையிடம் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று. அதைச் சொல்லலாம். டாக்டரிடம் மறைத்ததையும் சொல்லலாம்.

பொருத்தனை விஷயத்தைப் பாவசங்கீர்த்தன வரிசையில் வைத்துப் பேசாதீர்கள், பின்னால் ஆள்கள் நிற்கும்போது அவசரத்தில் பாதிதான் சொல்ல முடியும். பங்குத்தந்தையிடம் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். டாக்டரின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. பங்குத்தந்தைக்குப் புனித வார வேலைகள் தொடங்கிவிட்டால் நேரம் கிடைப்பது கஷ்டம், ஆகவே நான்காம் வாரத்துக்குள் போய்விடுங்கள். அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் மறைமாவட்ட ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள். அதுவரை தினமும் மூன்று வேளையும் சாப்பிடுங்கள், பெரிய வெள்ளியன்றும் அப்படித்தான்.